பறிக்காமல் விட்ட மல்லி

"பறிக்கிற கைக்கு வளக்க வருமா தாயி?"

மல்லித் தோட்டத்து முதலாளியம்மா என்னிடம் இதைக் கேட்டபோது நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு விடுமுறையில் இருந்தேன். அம்மாவோடு நானும் பூப் பறிக்கப் போன நாட்கள் அவை. நான் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. வரப்போரத்தில் ஒரு செடியின் கிளை தானாக மண்ணில் படிந்து வேர்விட்டிருந்தது. அதை வெட்டி எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்தது.

"ஒங்க வீட்டுல குடிக்கிற தண்ணிக்கே குடத்தத் தூக்கிக்கிட்டு அலையிறீக. இதக் கொண்டுபோயி சாகடிக்கவா? ஒங்காத்தாவுக்குப் பறிக்கத்தான் வரும்."

அம்மா நிமிரவில்லை. பறித்துக்கொண்டே, "அதான, புள்ளைக்கு என்ன தெரியும்" என்று எனக்கும் சேர்த்து அவளே பதில் சொல்லிவிட்டாள்.

மல்லிச் செடி முழங்கால் உயரம்தான் இருக்கும். அதனால் பறிப்பவர்கள் உட்காரவும் முடியாது, நிமிரவும் முடியாது. இடுப்பை மடித்தபடியே வரிசை வரிசையாக நகர வேண்டும். எந்த மொட்டைத் தொடலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. அன்றைக்குச் சாயங்காலம் விரியப்போகிற மொட்டு வெளுத்து, பருத்து, விரலில் குளிர்ச்சியாகப் படும். அதை மட்டும் கிள்ள வேண்டும். பச்சை ஓடிய மொட்டு நாளைக்கு. இன்றைய மொட்டு ஒன்றை விட்டுவிட்டால் மறுநாள் அது செடியிலேயே விரிந்து நிற்கும். அதைப் பார்த்ததும் "இந்த வரிசையில யாரு நின்னது?" என்று முதலாளியம்மாவின் குரல் வரும். விரிந்த பூ சந்தைக்கு ஆகாது. எங்கள் அம்மா நின்ற வரிசையில் விரிந்த பூ இருந்ததே கிடையாது. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் எனக்கும் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான்தான். அதன்பின் மருந்தாளுநர் படிப்பும் படித்து, இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். டாக்டர்களின் கையெழுத்து என்ன கோலத்தில் இருந்தாலும் எனக்குப் புரியும். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் காலையிலிருந்து இருட்டும்வரை நின்றுகொண்டே இருக்கிற வேலை. ஒரு நாற்காலி இருக்கிறது. அது முதலாளிக்கு. வீடு திரும்பும்போது செருப்பின் வார் பாதத்தில் பள்ளமாகப் பதிந்திருக்கும்.

வேலை கிடைத்ததும் நான் செய்த முதல் காரியம் அம்மாவைத் தோட்ட வேலையிலிருந்து நிறுத்தியது. அவள் முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. இடுப்பும் சரியில்லை. "குனிஞ்சு நிமிர்ற வேலை இனி ஆகாதும்மா. இப்படியே போனா எந்திரிச்சு நடக்கிறதே கஷ்டம்" என்று டாக்டர் என் முன்னால்தான் சொன்னார். அம்மா தலையை ஆட்டினாள். அப்பா மில்லில் இரவுக் காவல். என் சம்பளமும் அவர் சம்பளமும் போதும். அவள் இனி யார் தோட்டத்திலும் குனிய வேண்டாம் என்றேன். அதற்கும் தலையை ஆட்டினாள்.

அவள் வீட்டில் இருக்கப்போகிறாள் என்றுதான் நான் செடி வைத்தேன். எனக்கும் ஆசைதான், இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் ஊர் திருச்சுழி போகிற சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் நாலு கட்டில் போடுகிற அளவுக்கு இடம். மண் கரிசல். வெயிலில் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். ஒரு லோடு செம்மண் கொட்டி, ஆட்டுப் புழுக்கை கலந்து, நாலு மல்லிச் செடியும் ஒரு செம்பருத்தியும் ஒரு நந்தியாவட்டையும் சுவரோரம் இட்லிப்பூவும் வைத்தேன். வாசலில் காகிதப்பூ. ஆடு நுழையாமல் இருக்க பழைய கொசுவலையைக் கட்டினோம். பார்க்கிறவர்கள் செடிக்கும் கொசு கடிக்குமா என்று கேட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் செடி வளர்ப்பது என்றால் தண்ணீரோடு மல்லுக்கட்டுவதுதான். வீட்டில் போர்வெல் இருக்கிறது. ஆனால் அது உப்பு. டம்ளரில் பிடித்து வைத்தால் மறுநாள் அடியில் வெள்ளையாகப் படியும். குழாயில் வருகிற நல்ல தண்ணீர் காலை பத்து மணிக்கு வரும், ஒருநாள் விட்டு ஒருநாள். சில சமயம் அதுவும் வராது. வந்தால் ஒரு மணி நேரம். அம்மா அதைப் பிடித்து டிரம்மில் நிரப்புவாள். குடிக்க, சமைக்க எடுத்தது போக, அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவின தண்ணீர், பாத்திரத்தைக் கடைசியாக அலசின தண்ணீர் எல்லாம் ஒரு பழைய பெயின்ட் வாளியில் சேரும். சாயங்காலம் அது செடிக்கு. அந்த வாளித் தண்ணீரில்தான் செடிகள் பிடித்தன. முதல் மழைக்குப் பிறகு தழைத்தன. பங்குனியில் மல்லி நாலும் மொட்டு வைத்தன.

அந்த மொட்டுகளில் ஒன்றைக்கூட நான் விரிந்து பார்க்கவில்லை.

நான் எழுந்து வாசலுக்கு வருவதற்குள் அம்மா எல்லாவற்றையும் பறித்து முடித்திருப்பாள். செடி மொட்டையாக, துடைத்துவிட்டதுபோல நிற்கும். அவள் வாசற்படியில் உட்கார்ந்து நாரில் தொடுத்துக்கொண்டிருப்பாள்.

"ஒண்ணு ரெண்ட விட்டா என்னம்மா?"

"விட்டு என்ன செய்ய?"

"செடியிலயே பூக்கட்டுமே. பாக்கலாம்ல?"

"பூத்த பெறகு அதுல பாக்க என்ன இருக்கு? கொட்டத்தான போகுது. ஒக்காரு, தலைய நீட்டு."

தலையை நீட்டுவேன். வைத்துவிடுவாள். மீதியைப் பிள்ளையாருக்கும், பக்கத்து வீட்டுச் சித்திக்கும், பஸ்ஸுக்கு நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கொடுப்பாள். அந்தப் பூ கடையில் விளக்குப் போடுகிற நேரத்தில் விரியும். மருந்து வாங்க வருகிறவர்கள், "நல்ல வாசமா இருக்கும்மா" என்பார்கள். என் தலையில் விரிந்த பூவை என்னைத் தவிர எல்லோரும் பார்த்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பந்தல்குடிக்குப் போயிருந்தாள். அங்கே பெரியம்மா மகளுக்கு வளைகாப்பு. சனிக்கிழமையே போய்விட்டதால் ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டுகள் அப்படியே இருந்தன. கடையை மதியத்தோடு சாத்திவிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து, ஒரு பேசினில் வெந்நீர் ஊற்றி அதில் காலை வைத்துக்கொண்டு, செடிகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "என்ன, கால ஊறப் போட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெயில் இறங்கியது. செம்பருத்தி தன் பூவைச் சுருட்டிக்கொண்டது. நான் மல்லியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது விரிவதைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. ஒரு மொட்டையே உற்றுப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. காகிதப்பூ பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் நுனி தளர்ந்திருக்கும். இன்னொரு தடவை திரும்பினால் ஓர் இதழ் வெளியே சாய்ந்திருக்கும். இருட்டத் தொடங்கியபோது நாலு செடியிலும் வெள்ளை வெள்ளையாக நின்றது. வாசனை தரையிலிருந்து எழும்புவதுபோல இருந்தது. எங்கிருந்தோ சின்னச் சின்ன அந்துப்பூச்சிகள் வந்தன. மல்லி விளைகிற சீமையில் பிறந்து, மல்லி பறித்த கூலியில் படித்தவள் நான். செடியில் மல்லி விரிகிறதை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். பேசினில் இருந்த தண்ணீர் ஆறிப்போய்விட்டது. நான் காலை எடுக்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அதற்காகவே இன்னும் நாலு செடி வைக்கலாம் என்று தோன்றியது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அம்மா வந்து இறங்கினாள். கையில் வளைகாப்புச் சாப்பாட்டுத் தூக்கு. வாசலைத் திறந்ததும் அப்படியே நின்றாள். முந்தின நாள் விரிந்த பூவெல்லாம் நுனி பழுத்துத் தொங்கின. கீழேயும் கொட்டிக் கிடந்தன.

"என்னடி இது? பறிக்க நாதியில்லாத வீடு மாதிரி கெடக்கு?"

பக்கத்து வீட்டுச் சித்தி சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். அவளும் அம்மாவோடு பறித்தவள்தான். இன்றைக்கும் போகிறாள். "ஒம்மக வேடிக்க பாத்தாக்கா. சாயங்காலம் முழுக்க ஸ்டூலு போட்டு ஒக்காந்திருந்தா. கலெக்டரம்மா தோட்டம் பாக்குறாகன்னு நானும் சத்தம் போடாம இருந்துட்டேன்."

"தலையில வைக்காம, சாமிக்கும் குடுக்காம, கொட்ட விட்டுருக்காளே."

அம்மா தூக்கைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பை மடித்து, அந்தப் பழுத்த பூக்களைச் செடியிலிருந்து பிய்க்கத் தொடங்கினாள். ஒரு கை முட்டியில் ஊன்றியிருந்தது. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. முதலாளியம்மா தோட்டத்தில் நிற்கிற அதே மாதிரி நின்றாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"எம்மா, இது தோட்டமில்ல. நம்ம வீடு. இங்க யாரும் ஒன்னையக் கேக்க மாட்டாக. குனியாதன்னு டாக்டரு சொல்லியிருக்காருல்ல? இனிமே இந்த மொட்டுல கை வைக்காத. அது பாட்டுக்குப் பூக்கட்டும்."

அம்மா நிமிர்ந்தாள். கையிலிருந்த பூவைப் பார்த்தாள். "சரித்தா" என்றாள்.

அவ்வளவுதான். சண்டையே இல்லை. மறுநாளிலிருந்து அவள் மல்லிப் பக்கம் போகவில்லை.

நான் சொன்னது தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. பூக்கள் செடியிலேயே விரிந்தன. வேலை நாட்களில் நான் வரும்போது இருட்டியிருக்கும். இருட்டிலேயே வாசனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நிற்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டூல். ஆனால் நாலைந்து வாரத்தில் ஏதோ சரியில்லாமல் போனது. இலை ஓரங்கள் கருகின. புதுத் துளிர் வரவில்லை. மொட்டுகள் சிறுத்தன. இட்லிப்பூக் கொத்து நிறம் மாறி உலர்ந்தது. டிரம்மைத் திறந்து பார்த்தால் அடியில்தான் தண்ணீர் கிடந்தது. பெயின்ட் வாளி காய்ந்திருந்தது.

"நல்ல தண்ணி வரலையாம்மா?"

"சரியா வர மாட்டேங்குதுத்தா. குடிக்கக் கேன் வாங்கியாச்சு."

அவளுக்கு என்மேல் கோபம், அதனால்தான் செடியைக் கவனிக்கவில்லை என்று நினைத்தேன். நானும் வீம்பாகவே இருந்தேன். வேலை முடிந்து வந்து போர் மோட்டாரைப் போட்டு, ஹோஸ் குழாயில் உப்புத் தண்ணீரையே பாய்ச்சினேன். அது செடிக்கு ஆகாது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஒன்றுமே ஊற்றாமல் உள்ளே போய்ப் படுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். மண்மேல் வெள்ளை பூத்தது. அம்மா படுக்கும்போது வலித் தைலம் மணத்தது. கேட்டால் பழைய வலி என்றாள். அதற்குமேல் கேட்க எனக்கும் தெம்பு இல்லை.

ஒருநாள் மதியம் கடையில் கூட்டமாக இருந்தது. பக்கத்து வீட்டுச் சித்தி தலையில் துண்டோடு, வெயிலில் முகம் கறுத்து, வரிசையைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பாப்பா, இடுப்பு வலி மாத்திரை குடு. அன்னைக்குக் குடுத்தியே, அது."

"வெறும் வயித்துல போடாத சித்தி."

"வயித்துல என்னைக்கு என்ன இருந்துச்சு? ரெண்டு அட்டையாக் குடு. ஒண்ணு அக்காவுக்கு."

"எந்த அக்காவுக்கு?"

"ஒங்கம்மாவுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நான் அட்டையை எடுக்கப் போன கையை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒருவர், "எம்மா, புள்ளைக்குக் காய்ச்சல், கொஞ்சம் சீக்கிரம்" என்றார்.

"அம்மா பறிக்க வருதா சித்தி?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. நீ ஏழரை பஸ்ஸுல ஏறினதும் அக்கா எட்டு மணி ஷேர் ஆட்டோவுல ஏறிடும். இப்ப பூவு ரொம்ப வருது, மதியம் வரைக்கும் பறிப்பு. ஆளு கெடைக்கலைன்னு மொதலாளியம்மாவே வந்து கூப்பிட்டாக." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அக்கா இல்லாட்டி அங்க பேச்சே இல்ல பாப்பா. அது வாயத் தொறந்தா சிரிச்சு சிரிச்சு பறிக்க முடியாது. அதுக்காகவே ஆட்டோவுல எடம் போட்டு வச்சிருக்கோம். திட்டிராத, என்ன?"

இரண்டு அட்டையும் கொடுத்தேன். சாப்பிட்டபின் போட வேண்டும் என்று மறுபடியும் சொன்னேன். காய்ச்சல் மருந்து கேட்டவருக்கு மருந்து எடுத்துக் கொடுத்தேன். அடுத்தவருக்கு, அதற்கடுத்தவருக்கு. கடையில் நின்று அழுவதற்கு இடம் இல்லை. பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் வருகிறபோது வீட்டில் யார் இருந்திருப்பார்கள் என்று அப்போதுதான் கணக்குச் சேர்ந்தது. அப்பா இரவு வேலை முடித்து வந்து அந்நேரம் தூக்கத்தில் இருப்பார். தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பிடிக்கத்தான் ஆளில்லை.

நான் வீடு சேர்ந்தபோது அம்மா தூங்கிவிட்டாள். எழுப்பவில்லை. காலையில் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"நேத்து சித்தி கடைக்கு வந்துச்சு."

அம்மா டம்ளரைக் கீழே வைக்கவில்லை. "ஒளறிட்டாளா? ஓட்ட வாயி."

"ஏம்மா?"

"என்ன ஏன்? நீ போயிருவ. ஒங்கப்பா வந்து குப்புற விழுந்து தூங்குவாரு. நான் செவத்தப் பாத்துக்கிட்டு இருக்கவா? முந்தியாவது மொட்டப் பறிச்சேன், கட்டினேன், நாலு வீட்டுக்குக் குடுத்தேன். அதையும் தொடாதன்னுட்ட."

"டிவி பாரேன்."

"பாத்தேன். அதுல என்னைய விட வயசான பொம்பள அழுதுக்கிட்டே இருக்கா."

"முட்டி வலிக்கலையா?"

"வலிக்காமயா? வீட்டுல இருந்தாலும் வலிக்கத்தான் செய்யுது. அங்க வலிச்சா கூடச் சேந்து சிரிக்க ஆளிருக்கு."

டாக்டர் சொன்னதையே திரும்பச் சொன்னேன். குனிந்தால் இன்னும் ரெண்டு வருஷத்தில் எழுந்து நடக்க முடியாது, நான் வேலைக்குப் போவதா உன்னைத் தூக்கி உட்காரவைப்பதா என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"டாக்டருக்கு என்ன?" என்றாள் அம்மா. "குனியாமப் பறிக்க அது என்ன முருங்க மரமா?"

பஸ்ஸுக்கு வந்து நின்றேன். எங்கள் ஊர் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சிமெண்டு உறை வார்க்கிற களம் ஒன்று இருக்கிறது. கக்கூஸ் குழிக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குகிற வட்ட உறைகள். அவற்றைத் தினமும் பார்க்கிறேன். அன்றைக்கும் அவை மூன்று மூன்றாக அடுக்கி நின்றன. ஓர் அடுக்கின் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். இரண்டு உறை என் தொடை உயரம் வந்தது. அதன்மேல் ஒரு மல்லிச் செடி நின்றால் அம்மாவின் நெஞ்சுக்கு நேராக இருக்கும். பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டே களத்துக்காரரிடம் இரண்டு உறை வேண்டும் என்று கத்திச் சொன்னேன். "கக்கூஸுக்கா?" என்று அவரும் கத்திக் கேட்டார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குமேல் குட்டியானை வண்டியில் உறைகள் வந்து இறங்கின. சித்தி சுவருக்கு மேலே வந்துவிட்டாள்.

"ஏக்கா, இன்னொரு கக்கூஸா? ஆளுக்கொண்ணா?"

அம்மா உறைகளைச் சுற்றி வந்தாள். "இதுல செடி வைக்கப் போறாளாம்." என்னைப் பார்த்தாள். "எத்தா, சாமிக்குப் போற பூ. இது எதுக்குச் செஞ்ச உறைன்னு ஒனக்குத் தெரியாதா? படிச்ச புள்ளதான நீ?"

"புது உறைம்மா. இன்னும் யாரும் உக்காரல."

சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அம்மா சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாளாகியிருந்தது. தோட்டத்தில் தினமும் இப்படித்தான் சிரித்திருப்பாள் போலிருக்கிறது. எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அடியில் உடைந்த செங்கலைப் போட்டு, மேலே செம்மண்ணும் புழுக்கையும் நிரப்பினேன். ஒவ்வொரு சட்டியாகத் தூக்கி முடிக்க மூன்று நாள் ஆனது. வேலை முடிந்து வந்து பத்துச் சட்டி, தோள் சம்மதித்தால் இன்னும் ரெண்டு. வெளிப்பக்கம் சுண்ணாம்பு அடித்தேன். அது போதாது என்று அம்மா காவியைக் கரைத்துக்கொண்டு வந்து, கோயில் மதிலுக்குப் போடுவதுபோலப் பட்டை போட்டாள். இனிமேல் அதை யாரும் கக்கூஸ் உறை என்று சொல்ல முடியாதாம். கருகிப்போன நாலு செடியில் ஒன்றைப் பிடுங்கி இதில் வைத்தால் இந்த வெயிலில் பிழைக்காது. அதனால் நர்சரியில் பையில் வளர்ந்த செடியாக, கிளை விட்ட ஒன்றை வாங்கி நட்டேன்.

"இதுல பூக்கிறது முழுக்க ஒனக்கு" என்றேன். "நின்னுக்கிட்டே பறிச்சுக்கோ. ஒண்ணு விடாம பறி. நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். கீழ இருக்கிற நாலு செடி எனக்கு. அதுல நீ கை வைக்கக் கூடாது."

"ஒன்னோடது காஞ்சு கெடக்கே."

"அது என் பாடு. நீ தோட்டத்துக்குப் போறத நிறுத்தணும்."

அம்மா செடியின் ஒரு கிளையைப் பிடித்து, நுனியைத் திருப்பிப் பார்த்தாள். குனியாமல்தான் பார்த்தாள். "ஒரு செடிக்கு ஒரு கைப்பிடி வருமா? அத நான் சித்திகூட ஒக்காந்து கட்டுறதுக்குள்ள தீந்துபோகும்."

"அடுத்த மாசம் இன்னும் ரெண்டு உறை வாங்குறேன்."

"மொதல்ல இதுல மொட்டு வரட்டும். வந்தா அப்புறம் பாப்போம். இப்ப வாக்குக் குடுத்திருக்கேன், திடீருன்னு நிக்க முடியாது."

அவள் சம்மதிக்கவில்லை. மறுநாளும் ஆட்டோவில் ஏறினாள். முட்டிக்குத் துணி கட்டிக்கொண்டு ஏறினாள். எனக்குத் தெரிந்துவிட்டதால் இப்போது ஒளிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தச் செடி மொட்டு வைத்தால்தான் அவள் இறங்குவாள். அது மொட்டு வைக்க நல்ல தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர் பத்து மணிக்கு வரும். அந்நேரம் அவள் மல்லி வரிசையில் இடுப்பை மடித்து நிற்பாள், நான் கடையில் நிற்பேன்.

கடை முதலாளியிடம் பேசினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் பன்னிரண்டு மணிக்கு வந்து, சாத்துகிறவரை நிற்கிறேன் என்றேன். "பூச்செடிக்காகவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்தது. சம்பளத்தில் பிடிப்பேன் என்றார். பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். கடைசி பஸ்ஸில்தான் இனி வீடு திரும்ப வேண்டும்.

இன்று ஏழரை பஸ் நான் வாசலில் நிற்கும்போதே போய்விட்டது. எட்டு மணிக்கு ஆட்டோவிலிருந்து சித்தி கையை ஆட்டினாள். அம்மா என்னைப் பார்த்து, "வேலைக்குப் போகல?" என்று கேட்டாள். போவேன் என்றேன். பத்து மணிக்குக் குழாய் காற்றைக் கக்கியது, பிறகு தண்ணீர் வந்தது. டிரம்மை நிரப்பிவிட்டேன். முதல் குடம் உறைச் செடிக்குப் போய்விட்டது.